ஷொக் மாற்றியும் அடங்காத உலுக்கல்: ஒரு பழைய வேகனின் நிகழ்வு ஆய்வு

முறைப்பாடு இதுதான்: “வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒன்றும் தெரிவதில்லை, தம்பி. நல்ல காபட் வீதியில் ஒட்டுப் போட்ட இடங்களில்தான் உயிர் போகிறது.”

சொன்னவர் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருடைய மனைவிக்கு முள்ளந்தண்டில் தட்டு விலகிய வருத்தம். மாதம் ஒரு தடவை கண்டிக்குக் கிளினிக் போக வேண்டும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஏறக்குறைய 180 கிலோமீற்றர். வீதியில் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் தம்புள்ளை தாண்டும் முன்பே அந்த அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

அந்த முறைப்பாட்டில் பாதி விடை இருந்தது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக் அப்சோபர் செத்த வாகனம் இதற்கு நேர்மாறாக நடக்கும். வேகத்தடை தாண்டியதும் இரண்டு மூன்று தடவை மிதந்து ஆடும், வளைவில் சரியும். சின்ன ஒட்டுகளை அது பெரும்பாலும் விழுங்கிவிடும். இங்கே பெரிய மேடு சுகமாகவும் சின்ன ஒட்டு கொடுமையாகவும் இருக்கிறது. பெரிய அடிக்கு அசைகிற ஏதோ ஒன்று சின்ன அடிக்கு அசைய மறுக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனால் ஆசிரியர் கொண்டுவந்த வாகனத்தின் பின்னால் புத்தம் புதிய காஸ் ஷொக் இரண்டு பளபளத்தன. வேறொரு கராஜில் மாட்டியவை. மாட்டிய பிறகு உலுக்கல் குறையவில்லை, கொஞ்சம் கூடிவிட்டது என்றும் சொன்னார்.

வாகனமும் அதன் பழைய வாழ்க்கையும்

டொயோட்டா கொரோலா, ஈ70 வரிசை வேகன். இந்த வரிசை 1979இல் வந்தது. 1983இல் செடானுக்கு அடுத்த வடிவம் வந்த பிறகும் வேகனும் வானும் 1987 வரை உற்பத்தியில் இருந்தன. எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்சில்லில். முன்னால் ஸ்ட்ரட்டும் கொயில் ஸ்பிரிங்கும். பின்பக்கத்தில்தான் வித்தியாசம்: இதே வரிசைச் செடானுக்குப் பின்னால் கொயில் ஸ்பிரிங், வேகனுக்கு இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய தகட்டு ஸ்பிரிங். சுமை ஏற்றத் தகடுதான் தோது. அகலமாக நின்று தாங்கும், தளத்தையும் தட்டையாக வைத்திருக்க விடும். ஆகவே வெறுமையாக ஓடும் வேகன் செடானைவிடக் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். அது குறையல்ல, பிறவிக்குணம். முறைப்பாட்டை ஆராயும்போது அந்தப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் மீதியைப் பார்க்க வேண்டும்.

“இதை விற்றுவிட்டு வேறு வாங்குங்கள்” என்று சொல்வது சுலபம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வாகனங்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை வாங்கப் போனவர்களைக் கேட்டால் தெரியும். ஓய்வூதியத்தில் இருப்பவர் கையில் உள்ளதைத் திருத்துவதே புத்தி.

ஆசிரியருக்கு முன் இந்த வேகன் ஒரு வியாபாரியிடம் இருந்திருக்கிறது. மீன்பெட்டி ஏற்றி ஓடியது. ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் பின்தளத்தின் மூலைகளில் இருந்த ஓட்டைகளால் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது, நேரே ஸ்பிரிங் தகடுகளின் மேல். திருகோணமலையில் கடற்காற்றே போதும் இரும்பைத் தின்ன. மாரியில் உப்பு ஈரம், கச்சான் காலத்தில் றப்பரைக் காய்ச்சும் வெக்கை. அதன்மேல் மீன்தண்ணீரும் என்றால் கேட்கவே வேண்டாம். தகடுகள் தொய்ந்ததும் அந்த வியாபாரி ஒரு தகட்டைக் கூடுதலாகச் செருகுவித்து, வானுக்குப் போடும், பாரம் தாங்கும் விறைத்த 8 பிளை ரயர்களும் மாட்டியிருக்கிறார். அவருடைய தேவைக்கு இரண்டும் நியாயமானவை. அவர் ஏற்றியது மீன். இன்று ஏறுவது முதுகு வலிக்காரர்.

சோதனை

எதையும் கழற்றாமல் தொடங்கினோம். கழற்றிய பிறகு எது எதைச் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

முதலில் ரயர். பின்சில்லின் பக்கச்சுவரில் இருந்த கடைசி நான்கு இலக்கங்கள் 1417. அதாவது 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. பூக்கள் இன்னும் ஆழமாகவே இருந்தன, ஆனால் பெருவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. றப்பர் காய்ந்து கட்டையாகிவிட்டது. காற்று 45 பி.எஸ்.ஐ. ரயரில் வான் எண்ணைப் பார்த்துக் காற்றடிக்கும் கடைப் பையன் வழக்கமாக அடிக்கும் அளவு அது. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெறும் வேகனுக்கு அது தேவையா என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

காற்றை 30க்குக் குறைத்துச் சாம்பல்தீவுப் பக்கத்து ஒழுங்கைகளில் ஓட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங்கில் வந்த கூரிய தட்டல் மழுங்கியது. பின் ஆசனத்தில் வந்த உலுக்கல் குறைந்தது, போகவில்லை.

அடுத்து, பின்னால் இரண்டு சீமெந்துப் பைகளை வைத்தோம். ஆளுக்கு 50 ஆக 100 கிலோ. இது எனக்குப் பிடித்த சோதனை, செலவில்லை, பொய் சொல்லாது. ஸ்பிரிங் அளவுக்கு மீறி விறைப்பாக இருப்பது மட்டுமே காரணம் என்றால், இந்தப் பாரத்துக்கு வாகனம் தெளிவாகச் சாந்தமடைய வேண்டும். கொஞ்சம் சாந்தமானது. ஆனால் சின்ன ஒட்டுகளில் அதே நடுக்கம். ஆக விறைப்பு ஒரு பங்கு, வேறு எதுவோ ஒரு பங்கு.

அந்த வேறு எதுவோவைப் பிடிக்கச் சுண்ணக்கட்டி போதுமாக இருந்தது. வாகனத்துக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு தகட்டின் நுனியும் அதற்கு மேலுள்ள தகட்டைத் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியை நனைத்துத் தடிப்பாகப் பூசினேன். தகட்டு ஸ்பிரிங் வளையும்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும், வழுக்கினால் நுனிப் பூச்சு உரசிப் போக வேண்டும். நிலாவெளி வரை காபட் வீதியில் வேகத்தடை இல்லாத துண்டாகப் பார்த்துப் போய் வந்து மறுபடி படுத்துப் பார்த்தால், பூச்சு பூசியபடியே இருந்தது. மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. அவ்வளவு உலுக்கலுக்கும் ஸ்பிரிங் வளையவே இல்லை.

புதிய ஷொக்கைக் கையால் தொட்டுப் பார்த்தேன். வேலை செய்யும் ஷொக் சூடாகும். சில்லின் ஆட்டத்தை உறிஞ்சி வெப்பமாக்குவதுதான் அதன் தொழில். காலை வெயில் ஏறுமுன் ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு அது பக்கத்தில் இருந்த இரும்பைப் போலவே குளிர்ந்திருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா நின்றிருக்கிறது.

ஏன் அந்த உலுக்கல் முதுகுக்குப் போகிறது

கறள் பிடித்த தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் முழு அடுக்கும் ஒரே கட்டை ஆகிவிடும். வேகத்தடை போன்ற பெரிய அடி வந்தால் அந்தப் பிடி உடைந்து தகடுகள் வழுக்கும், ஸ்பிரிங் ஸ்பிரிங்காக நடக்கும். ஒட்டுப் போட்ட இடத்தின் சின்ன அடிக்குப் பிடியை உடைக்கும் பலம் இல்லை. அந்த நேரத்தில் வாகனத்துக்கு இருக்கும் ஒரே ஸ்பிரிங் ரயர்.

இங்கே ஒரு கணக்கு. ஒரு பின்சில்லின் மேல் ஏறக்குறைய 250 கிலோ, ரயரின் விறைப்பு ஒரு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 200 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாரம் ரயரின் மேல் மட்டும் நின்று துள்ளினால் செக்கனுக்கு 4.5 தடவை துள்ளும். ஒழுங்காக வேலை செய்யும் ஸ்பிரிங்கின் மேல் சாதாரணக் கார் செக்கனுக்கு 1 முதல் 1.5 தடவை அசையும். நடக்கும் வேகத்துக்குக் கிட்ட என்பதால் உடம்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். மனித உடல் மேல்கீழ் அதிர்வை மிகக் கூடுதலாக உணர்வது செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வரையான வீச்சில் என்று உடல் அதிர்வு பற்றிய ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலை கொள்கிறது. வயிறு, நெஞ்சு, முள்ளந்தண்டு எல்லாம் சேர்ந்து எதிரொலிக்கும் வீச்சு அது. அம்மாவின் இடுப்புக்கு மிக ஆகாத தாளத்தை இந்த வேகன் 180 கிலோமீற்றருக்கும் போட்டுக்கொண்டு போயிருக்கிறது.

ஷொக் ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஷொக், அச்சுக்கும் உடலுக்கும் நடுவில் மாட்டியது. அச்சும் உடலும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் துள்ளும்போது அதன் இரு முனைக்கும் இடையில் அசைவே இல்லை, எதை அது அடக்கும்? அதிலும் காஸ் ஷொக்கின் உள்ளே அமுக்கத்தில் அடைத்த நைதரசன் தண்டை எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அது வாகனத்தைச் சற்று உயர்த்தும், அசையத் தொடங்கும் நேரத்து உராய்வையும் சற்றுக் கூட்டும். இறுகிப்போன ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் அது இன்னொரு முட்டுக்கட்டை. அதனால்தான் ஆசிரியருக்கு உலுக்கல் கூடியதாகத் தெரிந்தது.

“அப்படியென்றால் ஷொக்குக்குக் கொடுத்த காசு?” என்றார்.

“காசு போகவில்லை, சேர். அதற்கு இன்னும் வேலை கொடுக்கப்படவில்லை.”

கழற்றியபோது

பின்பக்கத்தை ஜக் போட்டு உயர்த்தி, உடலை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகளைக் கழற்றினோம். ஸ்பிரிங்கின் பின்நுனியை உடலோடு தொடுக்கும் தொங்கலின் ஊசிகள் வரவில்லை. டீசல் ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டி, கடைசியில் கிரைண்டரால்தான் வெட்டி எடுத்தோம். ஊசியும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் கறளால் ஒன்றாகியிருந்தன. ஸ்பிரிங் வளையும்போது அதன் நீளம் மாறும், அந்த மாற்றத்துக்கு இடம் கொடுப்பதற்காகவே தொங்கல் முன்னும் பின்னும் ஊசலாட வேண்டும். இது ஊசலாடி எத்தனை காலமோ.

நடுப் போல்ட்டை அவிழ்ப்பதற்கு முன் தகட்டு அடுக்கைப் பெரிய கிளாம்பால் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் விட்டதும் தகடுகள் விசையோடு பிரிந்து கையைப் பதம் பார்க்கும். கிளாம்பைத் தளர்த்தியதும் இந்த அடுக்கு பிரியவே இல்லை. கிளாம்பே தேவையில்லாத அளவுக்கு ஒட்டியிருந்தது. உளியை நுனியில் வைத்துத் தட்டித் தட்டிப் பிரித்தபோது நடுவிலிருந்து கறள் பொருக்கு பொருக்காக உதிர்ந்தது, கருவாட்டுச் செதிலைப் போல. ஒவ்வொரு தகட்டின் கீழ்முகத்திலும் அடுத்த தகட்டின் நுனி உட்கார்ந்த இடம் குழிந்திருந்தது. வழுக்க வேண்டிய நுனி அந்தக் குழியில் பூட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

செருகிய தகடு வேறு வாகனத்துடையது. மற்றவை 6 மில்லிமீற்றர், இது 8. பார்வைக்கு இரண்டு மில்லிமீற்றர்தான். ஆனால் தகட்டின் விறைப்பு தடிப்பின் கனத்தோடு (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) ஏறுகிறது. நீளமும் அகலமும் ஒத்திருந்தால் 8 மில்லிமீற்றர்த் தகடு ஒன்று 6 மில்லிமீற்றர்த் தகடு 2.4க்குச் சமம். நான்கு தகட்டு ஸ்பிரிங்கின் விறைப்பு இந்த ஒன்றால் ஏறக்குறைய 60 சதவீதம் கூடியிருக்கிறது. “ஒரு தகடுதானே” என்று கராஜ்களில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். தடிப்பை அளந்துவிட்டுச் சொன்னால் நல்லது.

செய்த வேலை

அந்தத் தகட்டை எடுத்துவிட்டோம். பின்பக்கம் நான்கு சென்ரிமீற்றர் அளவு இறங்கி முன்பக்கத்தோடு மட்டமாக நின்றது. தொய்வு கொஞ்சம் இருந்தாலும், பின்னால் இரண்டு பேரை உட்கார வைத்துப் பார்த்தபோது அச்சுக்கும், அது உடலில் இடிக்காமல் தடுக்கும் முட்டு றப்பருக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. ஆகவே தகடுகளை அடித்து வளைவு ஏற்றும் வேலைக்குப் போகவில்லை. குளிர் இரும்பில் அடித்து ஏற்றிய வளைவு நெடுநாள் நிற்காது என்பது என் அனுபவம். இடம் போதாமல் இருந்தால் கதை வேறு: முட்டு றப்பரில் உட்கார்ந்து ஓடும் வாகனம் எல்லாவற்றிலும் மோசமாக உலுக்கும்.

தகடுகளை வயர் பிரஷ்ஷால் சுரண்டி, குழிந்த இடங்களையும் நுனிகளின் கூரையும் கிரைண்டரில் மெல்லத் தேய்த்து மட்டமாக்கி, கறள் தடுக்கும் பூச்சடித்தோம். குழியை நிரவ ஆழமாகத் தேய்க்கக் கூடாது, தகடு அந்த இடத்தில்தான் பின்னர் முறியும். நுனிகளுக்கு இடையில் வழுக்கும் பிளாஸ்ரிக் துண்டுகள் வைத்தோம். காரீயக் (கிரபைட்) கிறீஸ் பூசுவது பழைய முறை. கந்தளாயில் ஓடும் வாகனத்துக்கு நானும் பூசியிருப்பேன். கடற்கரை மணலில் தினமும் நிற்கும் வாகனத்துக்குக் கிறீஸ் மணலைப் பிடித்து அரத்தாளாக மாறிவிடும்.

புஷ் விஷயத்தில் எனக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, சவாரி மென்மைக்காக வேலை செய்யும்போது பொலியூரத்தேன் புஷ் வேண்டாம். அது நெடுங்காலம் உழைக்கும், பந்தய ஓட்டத்துக்கு நல்லது, ஆனால் வீதியின் சத்தத்தையும் நடுக்கத்தையும் றப்பரைவிடத் தாராளமாக உள்ளே அனுப்பும். சாதாரண றப்பர் புஷ்தான் போட்டோம். மற்றது, சேவிஸ் செய்யும் இடங்களில் வாகனத்தின் அடிக்குக் கழிவு எஞ்சின் ஒயில் விசிறுவதை நிறுத்த வேண்டும். இரும்புக்குக் கறள் பிடிக்காது என்று அடிக்கிறார்கள். கனிய எண்ணெய் பட்டால் இயற்கை றப்பர் ஊதிப் பஞ்சாகிவிடும். இந்த வேகனின் முன் புஷ்கள் சில அப்படித்தான் கையோடு வந்தன.

புஷ் நட்டுகளைச் சில்லு தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்குவது பரவலான பழக்கம். அப்படிச் செய்தால் வாகனம் தரையில் இறங்கியதுமே றப்பர் முறுகிக்கொண்டு நிற்கும். அசைவை எதிர்க்கும், சீக்கிரம் கிழியும். வாகனத்தைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டு, அது தானாக நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கம் கொடுத்தோம்.

ரயர் நான்கையும் சாதாரணக் கார் ரயராக மாற்றினார். சுமைச் சுட்டி 79, அதாவது ஒரு ரயருக்கு 437 கிலோ, பின் அச்சுக்கு 874. ஆட்களுக்கும் பயணப் பைகளுக்கும் தாராளம், மீன்பெட்டிக்கும் சீமெந்துக்கும் அல்ல. பதிவுப் புத்தகத்தில் இது ஆளும் சுமையும் ஏற்றும் இரட்டைப் பாவனை வாகனம். இனி ஒரு பாவனைதான் என்று ஆசிரியரிடம் தெளிவாகச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் ரயரில் கை வைத்தேன். காற்று முன்னால் 28, பின்னால் 30. விடியற்காலையில், ஓடுமுன் அளக்க வேண்டும். வெப்பம் 5, 6 பாகை கூடினால் அளவு ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. ஏறும். மத்தியான வெயிலில் அளந்து குறைத்தால் காலையில் ரயர் தளர்ந்திருக்கும்.

முன்பக்கத்தில் பெரிய கதை இல்லை. லோவர் ஆர்ம் புஷ் மாற்றினோம், ஸ்ட்ரட் கசியவில்லை, விட்டுவிட்டோம்.

யாரும் நினைக்காத இடம் ஆசனம். பின் ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மஞ்சள் தூள் கொட்டிக் கிடந்தது. பழைய ஸ்பொஞ் பொடியாகிவிட்டது. அம்மா இவ்வளவு காலமும் கம்பிச் சட்டத்தின் மேல் ஒரு துணியில்தான் உட்கார்ந்து போயிருக்கிறார். குஷன் கடையில் கொடுத்து இறுக்கமான ஸ்பொஞ் போட்டு வாங்கினார் ஆசிரியர். மெத்தென்று போட வேண்டும் என்று அவர் விரும்பினார். மிக மென்மையான ஸ்பொஞ் பாரத்தில் தட்டையாகி மறுபடி கம்பியில்தான் கொண்டுபோய் விடும். முழு வேலையிலும் மிக மலிவானது இதுதான். முதலிலேயே பார்க்க வேண்டியதும் இதுதான்.

பலன்

மறுபடியும் சுண்ணக்கட்டி பூசி, அதே வீதியில் அதே துண்டு. இந்தத் தடவை நுனிகளில் பூச்சு உரசி உதிர்ந்து, இரும்பு தெரிந்தது. ஷொக்கைத் தொட்டால் இளஞ்சூடு. ஆசிரியர் தாமும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த ஷொக்குகளை மாற்றச் சொல்லவில்லை. தனியாகத் தேர்ந்திருந்தால் எண்ணெய் ஷொக்தான் எடுத்திருப்பேன், இவையும் இப்போது மோசமில்லை.

அடுத்த கிளினிக் பயணத்தில் அம்மா மாத்தளையில் இறங்கித் தேநீர் குடித்ததாகச் சொன்னார். முன்பெல்லாம் இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்று பயந்து இறங்குவதே இல்லையாம். வலி முற்றாகப் போகவில்லை. அது வைத்தியரின் வேலை.

இழப்பும் உண்டு. வளைவில் பின்பக்கம் முன்பைவிடச் சற்றுச் சரிகிறது. ஹபரணைக் காட்டு வீதியில் யானையைக் கண்டு சட்டென்று விலகும்போது அது தெரியும் என்று எச்சரித்திருக்கிறேன். வெறுமையாக, மெதுவாகக் கொங்கிறீட் ஒழுங்கையில் போகும்போது இன்னும் ஒரு துள்ளல் இருக்கிறது. அது வேகனின் பிறவிக்குணத்துப் பங்கு, அதற்குள் நான் கை வைக்கவில்லை.

இன்னும் முடியாத வேலை ஒன்று: முன் ஸ்ட்ரட்டின் மேல்றப்பர் இரண்டும் வெடித்திருக்கின்றன. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறோம், நல்ல நிலையில் கழற்றிய சோடி வந்தால் எடுக்க. அது வரும் நாளில் பின் யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். பிரித்துக் கட்டிய தகட்டு அடுக்கு ஓட ஓடப் படிந்து, போல்ட் தளரும்.